கூண்டுக்குப் போகும் சரிவு

மார்ச் 4, செவ்வாய்

இன்று மறுபடியும் நான் "ஆஜராகவில்லை".

எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீதிமன்றம் திறக்கும் முன்பே போய் முன்மண்டபத்துத் தூணடியில் வீல்சேரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை அங்கேதான் இருந்தேன். மாடியில் டவாலி என் பெயரைக் கூப்பிட்டது என் காதிலேயே விழுந்தது. "இருக்கேன்! கீழ இருக்கேன்!" என்று கத்தினேன். புறாக்கள் பறந்ததுதான் மிச்சம்.

வக்கீல் இறங்கி வந்தார். கெட்ட சேதி என்றால் கறுப்பு அங்கியை உதறிக்கொண்டே வருவார். இன்று நன்றாகவே உதறினார்.

"வரலைன்னு பதிவாயிடுச்சும்மா."

"வந்திருக்கேனே சார்."

"வந்திருக்கீங்க. கோர்ட்டுக்குள்ள வரல."

"கோர்ட்டு மாடில இருக்கு."

"அதான்மா நானும் சொல்றேன்."

என்ன சொல்கிறார் இந்த மனிதர்? நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லவா இவரைப் பிடித்தேன்?

காணொளியில் பேசலாமே என்று கேட்டேன். முன்பு யாரோ பேசினார்களாம். முகம் வந்தபோது குரல் வரவில்லை, குரல் வந்தபோது முகம் உறைந்து நின்றது, நீதிபதி இனி எல்லோரும் நேரில் என்றுவிட்டாராம். லிஃப்ட்? புராதனக் கட்டிடம், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. கீழே ஏதாவது அறை? கீழே பழைய கொட்டடியும் காட்சிக்கூடமும்தான்.

அடுத்த வாய்தா ஏப்ரல் 8. அன்றும் "வராவிட்டால்" என்னைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடலாமாம்.

தங்கை மகள் ராங்கியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி விட்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பத்து வயதில் இவ்வளவு பதவிசு எதற்கு?


மார்ச் 5, புதன்

மனுவை மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கக் கூடாது என்று தெரிந்தும்.

"மேற்படி சிறுமியின் தந்தை சாலை விபத்திலும், பின்னர் தாய் நோயாலும் காலமாகிவிட்டனர்." ஆமாம். அந்தத் தாய் என் தங்கை. இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள், நோயாலும் காலமாகி.

"மனுதாரர் சிறுமியின் தந்தையுடன் பிறந்த மூத்த சகோதரி ஆவார்." ஆவாள். அத்தைக்காரி. தங்கை படுக்கையில் கிடந்த நாட்களில் வந்து உட்கார்ந்து அழுதாள், நல்ல மனுஷிதான் என்று நினைத்தேன்.

"எதிர்மனுதாரர் சிறு வயது முதலே நடக்க இயலாதவர். தன் சொந்த வேலைகளுக்கே பிறரைச் சார்ந்திருப்பவர். ஒரு பெண்குழந்தையைப் பேணும் உடற்தகுதி அற்றவர்."

நாலு வயதில் வந்த காய்ச்சலில் என் கால் போயிற்று. அதன் பிறகு படித்தேன், பல்செட் கட்டக் கற்றேன், மூன்று சக்கர ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், சமைக்கிறேன், ஒரு பெண்ணை வளர்க்கிறேன். இந்த ஊரில் பாதிக் கிழவர்கள் என் கைவேலையால்தான் மெல்லுகிறார்கள். எவளைச் சார்ந்திருக்கிறேன் நான்? எவனை?


மார்ச் 7, வெள்ளி

வக்கீல் ஒரு யோசனை வைத்திருக்கிறாராம். நாலு ஆட்களை ஏற்பாடு செய்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்துவிடலாமாம். "அஞ்சு நிமிஷ வேலைம்மா."

நான் முடியாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் தம்பிக்கும் புரியவில்லை. தொலைபேசியில் கத்தினான்.

"தூக்கினா என்னக்கா தேஞ்சா போயிடுவ? கல்யாண மண்டபத்துல தூக்கலயா? நான்தானே தூக்கினேன்?"

"கல்யாணத்துல என்னைப் பார்த்துக்கிட்டு நீதிபதி உக்காந்திருந்தாங்களாடா?"

"வீம்பு. எல்லாத்துக்கும் வீம்பு."

வீம்புதானா? இருக்கட்டும். ஆனால் அவன் யோசித்துப் பார்க்கிறானா? "பிறரைச் சார்ந்திருப்பவர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் அவள். அவள் கண் முன்னால், அவள் வக்கீல் கண் முன்னால், நாலு பேர் தோளில் நான் மூட்டை மாதிரி போய் இறங்கணுமா? அதற்கப்புறம் நான் வாயைத் திறந்து என்ன சொன்னாலும் எடுபடுமா? அவர்கள் சாட்சியே வைக்க வேண்டாம். நானே சாட்சி.

நானாகத்தான் போவேன். எப்படி என்று தெரியவில்லை. ஆனால் நானாகத்தான்.


மார்ச் 8, சனி

சனிக்கிழமைகளில் அந்தக் கட்டிடத்தைச் சுற்றிக்காட்டுகிறார்களாம். வாசல் பலகையில் போட்டிருந்ததை ராங்கிதான் படித்துச் சொல்லியிருந்தாள். போனோம். உள்ளே வேறு வழி ஏதாவது கண்ணில் படாதா என்று எனக்கு; அவளுக்குச் சும்மா பொழுதுபோக்கு.

கைடு இளவயதுக்காரன், குரல் மட்டும் நாடகமேடைக் குரல். கட்டிடம் எழும்பி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்தத் தூண்கள் கடல் தாண்டி வந்தவை, இந்தப் படிக்கட்டின் அகலத்துக்குக் காரணம் அந்நாளைய நீதிபதி குடும்பத்தோடு வரிசையாக ஏற ஆசைப்பட்டது — என்று அடுக்கிக்கொண்டே போனான். ஒரு மனிதனின் ஆசைக்காகக் கட்டிய படி. நான் அதன் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முதல்ல கீழ கொட்டடி பார்ப்போம். அப்புறம் மேல கோர்ட்ஹால். அம்மா, கொட்டடி வரைக்கும் நீங்களும் வரலாம், பின்வாசல் சமதரை."

பின்பக்கம் போனோம். தாழ்ந்த கதவு. உள்ளே ஈர வாடை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், சுவரில் வளையங்கள். விசாரணைக்கு வரும் கைதிகளைக் காலையில் கொண்டுவந்து இங்கே அடைத்து வைப்பார்களாம். குழுவில் ஒருவர் வளையத்தில் கையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த அறையின் மூலையிலிருந்து ஒரு நடைபாதை மேல்நோக்கிப் போனது. படி இல்லை. சரிவு! கல் பாவிய சரிவு, ஒரு திருப்பம் திரும்பி இருட்டுக்குள் ஏறிப் போயிற்று.

"இது எங்க போகுது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது.

"மேல குற்றவாளிக் கூண்டுக்கு நேராப் போகும்மா. கால்ல விலங்கு போட்டவங்களால படி ஏற முடியாது, சங்கிலி இடிக்கும், விழுவாங்க. விழுந்து விழுந்து எழுப்பறதுல கோர்ட்டுக்கு நேரம் வீணாகுதுன்னு சரிவாக் கட்டினாங்க."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் போலிருக்கிறது, கைடு உற்சாகமாகி இன்னொரு கதை சொன்னான். ஒரு பெண்ணை ஏதோ திருட்டு வழக்கில் கொண்டுவந்தார்களாம். இடுப்பில் கைக்குழந்தை. கூண்டுக்குள் குழந்தையைக் கொண்டுபோக விதி இல்லை என்று பிடுங்கி ஒரு கான்ஸ்டபிளிடம் கொடுத்தார்களாம். அது நாளெல்லாம் அவர் மீசையைப் பிடித்து இழுத்ததாம், சட்டையை நனைத்ததாம். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"அந்தக் குழந்தை அப்புறம் யார்கிட்ட போச்சு?" என்றேன்.

அவன் விழித்தான். "அது... போர்டுல இல்லம்மா."

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"அதுவும் போர்டுல இல்ல."

மீசை இருக்கிறது, சட்டை நனைந்தது இருக்கிறது, அது மட்டும் இல்லை.

அவர்கள் முன்பக்கப் படி வழியாக மேலே போனார்கள். ராங்கியையும் அனுப்பினேன். நான் சரிவில் ஏறிப் பார்த்தேன். திருப்பம் வரை போனேன். அங்கே கம்பிக் கதவு, பெரிய பூட்டு. கம்பிக்கு அப்பால் மேலே வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"பெரியம்மா! நான் கூண்டுக்குள்ள இருக்கேன்!"

அவளுக்கு ஒரே குதூகலம். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு பூட்டுதான்.


மார்ச் 10, திங்கள்

பல்செட் லேபில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்ற அலுவலகம் போனேன். தலைமை எழுத்தர் வெளியே வந்து பேசினார், பெரிய மனசு. விஷயத்தைச் சொன்னேன்.

"அது கைதிங்க வர்ற வழிம்மா."

"இப்ப அதுல கைதி வர்றாங்களா?"

"இல்ல. இப்ப அது காட்சிப்பொருள்."

"அப்ப நான் வரலாமே."

"நீங்க கைதி இல்லையேம்மா."

ஒரு குற்றம் பண்ணிவிட்டு வந்தால் விடுவீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கினேன். சாவி தன் பொறுப்பில் இல்லை, பராமரிப்புத் துறையிடம் கேளுங்கள் என்றார்.


மார்ச் 12, புதன்

பராமரிப்புத் துறை அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் பழுது.

கீழே காவலாளி தன் செல்பேசியை என் காதில் வைத்தார். மேலே இருந்த அதிகாரியோடு அப்படித்தான் பேசினேன், ஒரே கட்டிடத்துக்குள்.

"படிக்கட்டுல கை வைக்க முடியாதும்மா. புராதனம்."

"நான் படிக்கட்டக் கேக்கல சார். சரிவக் கேக்கறேன்."

"சரிவும் புராதனம்தான்."

"அது என் சக்கரத்துல தேஞ்சிடாது சார். எத்தனையோ பேர் சங்கிலியோட நடந்த கல்லு."

"அதனாலதாம்மா புராதனம்."

செத்துப்போனவர்கள் நடந்ததால் அதில் உயிரோடு இருக்கிறவள் போகக் கூடாது. சரிவுக் கம்பிக் கதவின் சாவி நீதிமன்றக் காவலரிடம் இருக்கிறதாம், அவர்களிடமே கேட்க வேண்டுமாம். அவர்கள்தானே இங்கே அனுப்பினார்கள்? பந்து ஆடுகிறார்கள். நான்தான் பந்து.


மார்ச் 13, வியாழன்

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.


மார்ச் 18, செவ்வாய்

ஒரு பல்செட்டில் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல்லை வலப்பக்கம் வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படிச் செய்ததே இல்லை. முதலாளி எடுத்துப் பார்த்துவிட்டு, "யாருக்கு இது? கோபமா இருக்கறவங்களுக்கா?" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மெழுகை உருக்கி மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன்.

சாயங்காலம் ராங்கி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டாள், தலையைத் தூக்காமல்:

"நான் அத்தை வீட்டுக்குப் போகணுமா பெரியம்மா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. மாமா உங்ககிட்ட போன்ல கத்தினது கேட்டுச்சு."

"உனக்குப் போகணும்னு இருக்கா?"

ரொம்ப நேரம் எழுதினாள். அப்புறம், "அத்தை அப்பா மாதிரியே தும்முவாங்க," என்றாள். "அதுக்காகச் சும்மா ஒருநாள் பாக்கணும்னு இருக்கு. இருக்கறதுக்கு இல்ல."

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

இத்தனை நாள் அந்தப் பொம்பளையை ஒரு மனுவாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தும்முகிறவளாக நினைத்ததில்லை. நினைக்கவும் பிடிக்கவில்லை. எதற்கு நினைக்கணும்? அவள் என்னை நினைத்தாளா, அந்த வரியை எழுதும்போது?


மார்ச் 22, சனி

இன்று வக்கீலை விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனேன். "வக்கீல் சார், நீங்க ஒரு தடவை கண்ணால பாருங்க. அப்புறம் முடியாதுன்னு சொன்னா நான் வாயத் திறக்கல." சுற்றிப் பார்க்கிறவர்களோடு சேர்ந்து அவரும் கொட்டடிக்குள் வந்தார். இத்தனை வருஷம் இந்த நீதிமன்றத்தில் வாதாடியும் கீழே இறங்கியதே இல்லையாம். தலையைக் கதவில் இடித்துக்கொண்டார். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சரிவில் நடந்து போனார், வந்தார். கால்சட்டையில் சுண்ணாம்பு. அங்கியை உதறுகிற கை இன்று சும்மா இருந்தது.

"நடுவுல கல்லு தேஞ்சு குழியா இருக்கும்மா. சக்கரம் மாட்டும்."

"மாட்டினா எடுத்துக்கறேன்."

"கூண்டு வழியா வந்து நிக்கறது... எல்லாரும் பாப்பாங்க. உங்களுக்குப் பரவாயில்லையா?"

அதைத்தான் இத்தனை நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? திருடியும் கொலைகாரனும் நின்ற இடம். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஒருத்தியை ஏற்றின இடம். அதே வழியில் குழந்தையைக் கேட்டு நான் போகணும். பரவாயில்லாமல் இல்லை. ஆனால் தோளில் போவதைவிட மேல்.

"நேரா நீதிபதிகிட்டயே ஒரு மனு போடறேன்," என்றார். முதல் தடவையாக அவர் எனக்கு வக்கீல் மாதிரி தெரிந்தார்.


மார்ச் 27, வியாழன்

தலைமை எழுத்தர் ஆட்சேபித்தாராம். சிவில் வழக்குக்காரர்கள் குற்றவாளிக் கூண்டு வழியாக வரும் மரபு இல்லை, நீதிமன்றத்தின் மாண்புக்கு இழுக்கு, இத்தியாதி.

நான் முன்மண்டபத்தில் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தது மாண்பு.


ஏப்ரல் 2, புதன்

அனுமதி வந்துவிட்டது. நீதிபதி ஒரே வரி எழுதியிருக்கிறாராம்: "எதிர்மனுதாரர் அவ்வழியே வரலாம், இதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை."

வக்கீல் அதைத் தொலைபேசியில் இரண்டு தடவை படித்துக் காட்டினார். நீதிபதி ஒரு பெண்மணி. சந்தோஷப்படலாம்தான். ஆனால் ஒரே வரியில் முடிகிற விஷயத்துக்கு என்னை எத்தனை வாசலில் நிறுத்தினார்கள்? அதை நினைத்தால் சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.


ஏப்ரல் 7, திங்கள்

சக்கரத்துக்கு எண்ணெய் போட்டேன். பிரேக்கை இறுக்கினேன். இஸ்திரி போட்ட சேலை நாற்காலி முதுகில் தொங்குகிறது. வேறு என்ன செய்ய?


ஏப்ரல் 8, செவ்வாய்

எங்கே தொடங்குவது? எழுத்து கோணுகிறது.

போனேன். ஏறினேன்.

பார்வைக்குத் தெரிந்ததைவிடச் செங்குத்து. வக்கீல் சொன்ன குழி நடுவே நீளமாக ஓடுகிறது, சங்கிலிக் கால்கள் இழுத்து இழுத்துத் தேய்த்த பள்ளம். முன்சக்கரம் அதில் இறங்கிக்கொண்டு திரும்ப மறுத்தது. ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஏற்றிப் பார்த்தேன், விரல் முட்டி உரசித் தோல் போயிற்று. கூட வந்த காவலர் பாவம், பதறினார்.

"தள்ளட்டுமாம்மா?"

"வேண்டாம். பின்னாடி நில்லுங்க. உருண்டு வந்தா மட்டும் புடிங்க."

திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அங்கே சுவரில் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஓர் இடம். எல்லோரும் அங்கேதான் நின்றிருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்தப் பெண்ணும் நின்றிருப்பாள், கையில் பிள்ளை இல்லாமல். அவள் பெயர்கூடப் பலகையில் இல்லை. நான் அங்கே கைவைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான். சொன்னேன்.

அப்புறம் வெளிச்சம். கூண்டு.

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சேலை தோளில் சுண்ணாம்பு, முகமெல்லாம் வேர்வை, விரல் முட்டியில் ரத்தம். அத்தைக்காரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள், ஏன் எழுந்தோம் என்று தெரியாதவள் மாதிரி.

கூண்டிலிருந்து ஹாலுக்குள் போகக் கதவைத் திறந்தார்கள். நாற்காலி நுழையவில்லை. ஒல்லியான ஆட்களுக்காகச் செய்த கதவு. சரி, இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

அப்போதுதான் எழுத்தர் வந்து அறிவித்தார். நீதிபதி அம்மாவுக்கு உடல்நலமில்லை. இன்று விடுப்பு. எல்லா வழக்குக்கும் வாய்தா.

வாய்தா!

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். வக்கீல் பயந்துபோய், "அம்மா, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். எனக்குத் தண்ணி வேண்டாம். எனக்கு என்ன வேண்டும் என்று யாருக்குமே... போகட்டும். ஆஜர் என்று பதிவு செய்யச் சொன்னேன். "அதையாவது இப்பவே எழுதுங்க. என் கண்ணு முன்னாடி எழுதுங்க." எழுதினார்கள்.

கூட்டம் கலைந்தது. இறங்குவதற்குக் காவலர் முன்னால் நின்று பிடிக்க வேண்டும், அவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். வக்கீல் தேதி வாங்கப் போனார். பெரிய ஹாலில் நானும் அவளும் மட்டும். நான் கூண்டுக்குள், அவள் வெளியே.

அவள் பெஞ்சை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். முட்டியில் கட்டச் சொல்லிக் கைக்குட்டையை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"உன்ன இந்த மாதிரி இடத்துல பாக்கணும்னு நான் நெனைக்கலம்மா."

"உடற்தகுதி அற்றவர்னு எழுதிக் குடுத்தீங்களே அண்ணி. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா? இல்ல வக்கீல் நீட்டினார்னு போட்டீங்களா?"

இல்லை, தெரியாது, வக்கீல் எழுதினது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் மிச்சத்தையும் கொட்டித் தீர்த்திருப்பேன்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன்," என்றாள். "உண்மைன்னு நெனச்சேன்."

"இப்ப?"

கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"அவ என்னைப் பத்திப் பேசுவாளா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரே ஒரு சொல். அவள் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியிருக்கும்.

"நீங்க அவங்கப்பா மாதிரி தும்முவீங்களாம்," என்றேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. பக்கத்தில் ஒருத்தி அப்படி அழும்போது என்ன செய்வது? நான் கூண்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பிள்ளை இல்ல. இருந்த ஒரே தம்பியும் போயிட்டான். என்ன அத்தைன்னு கூப்பிட இந்த உலகத்துலயே ஒருத்திதாம்மா இருக்கா. நீ சொல்லு, நான் வேற எங்க போய்க் கேக்கறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"நீ குடுத்திருப்பியா?"

காவலர் வந்துவிட்டார். நல்லவேளை.


ஏப்ரல் 9, புதன்

தோளிரண்டும் தூக்க முடியவில்லை. மெழுகுக் கத்தியைப் பிடித்தால் விரல் ஆடுகிறது. முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். போகவில்லை. சும்மா உட்கார்ந்து பிளாஸ்டர் அச்சுகளைத் துடைத்தேன்.

நீ குடுத்திருப்பியா? காதிலேயே நிற்கிறது.

கொடுத்திருக்க மாட்டேன். ஒரு நாள்கூட. அதுதான் நிஜம். அவள் எழுதினது பொய், ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டையும் எப்படி ஒரே ஆள் மேல் வைத்துக் கோபப்படுவது?


ஏப்ரல் 29, செவ்வாய்

மறுபடி சரிவு. இந்தத் தடவை சுவரை ஒட்டியே ஏறினேன், கையுறை போட்டுக்கொண்டு.

நீதிபதி இருந்தார். சாட்சிக் கூண்டுக்கு வரச் சொன்னார்கள். கதவில் நுழையாது என்றதும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார், தாமே பார்க்காமல் நம்பமாட்டேன் என்பது போல. "அங்கிருந்தே சொல்லட்டும்," என்றார்.

அண்ணியின் வக்கீல் கேட்டார்:

"ராத்திரியில குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா எப்படித் தூக்கிட்டு ஓடுவீங்க?"

"போன மழைக்காலத்துல வந்துச்சு. ஸ்கூட்டர்ல முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். பத்து வயசுப் பொண்ண நீங்க தூக்கிட்டு ஓடிப் பாருங்க சார்."

"கீழே விழுந்தா யார் தூக்குவாங்க?"

"அவளே எழுந்துப்பா. அழுதா கூப்பிடுவேன், வந்து மடியில உக்காந்துப்பா. என் மடி எப்பவும் தயாரா இருக்கும், நான் எங்கயும் நின்னுக்கிட்டு இருக்கறதில்ல."

ஹாலில் சிரிப்பு. நான் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை. எரிச்சலில் சொன்னேன்.

இன்னொரு கேள்விக்கு அவர் வாயெடுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணிதான். அவள் வக்கீல் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார், உட்காரவில்லை.

"அம்மா, மனுவில ஒரு வரி எனக்கு வேண்டாம். எடுத்துடுங்க."

"எந்த வரி?" என்றார் நீதிபதி.

"உடற்தகுதி இல்லன்னு எழுதின வரி."

"அதை எடுத்துட்டா உங்க மனுவில என்னம்மா மிச்சம் இருக்கு?"

"எனக்கு எந்தம்பி பொண்ணு வேணும். ஆனா இவளைப் பத்தி அப்படிச் சொல்லி வேண்டாம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ராங்கியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசப்போவதாகவும், அதற்குள் நாங்கள் இருவரும் வக்கீல்கள் இல்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார்.

அண்ணி கொட்டடி வரை கீழே வந்தாள், என் பின்னாலேயே, சரிவு வழியாக. அந்தப் பள்ளத்தில் அவள் செருப்பும் ஒரு தடவை மாட்டிக்கொண்டது.


மே 6, செவ்வாய்

வக்கீல் சொன்னார்: சரிவைப் பூட்டிவிட்டார்களாம். ஊன்றுகோல் ஊன்றி வந்த ஒருவர் என்னை உதாரணம் காட்டி அந்த வழியைக் கேட்டிருக்கிறார். "அது அந்தம்மாவுக்கு மட்டும் குடுத்த அனுமதி" என்று தலைமை எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதர் யாரென்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இருவருமாக எழுதித் தருவோம். என் வழக்கு முடிந்துவிட்டால் நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்று எவன் சொன்னது?


மே 13, செவ்வாய்

முடிந்தது. ராங்கி என்னோடு. பள்ளி விடுமுறைகளில் பாதி அண்ணியோடு. இருவரும் பேசி ஒத்துக்கொண்டபடி கையெழுத்துப் போட்டோம்.

பாதி என்பது அதிகம் என்று எனக்கு. குறைவு என்று அவளுக்கு. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தோம்.


மே 24, சனி

ராங்கி நேற்றுதான் அத்தை வீட்டுக்குப் போனாள். இரண்டு பை நிறையத் துணி எடுத்து வைத்தேன், எதுவும் சரியாக இல்லை என்று முறைத்துவிட்டுப் போனாள். வீடு ஓவென்று கிடக்கிறது. ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தேன், எடுக்க வரவில்லை. மேசையைத் துடைத்து, துடைத்த மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிவாக்கில் அண்ணி கூப்பிட்டாள். குரலில் பதட்டம்.

"குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாம்மா. தலை வாரி விடறேன்னுதான் சொன்னேன். நான் இழுத்துட்டேன் போல. பேசவே மாட்டேங்கறா. கதவ உடைக்கட்டுமா?"

"கதவத் தட்டாதீங்க. கெஞ்சாதீங்க. கெஞ்சினா இன்னும் ஏறிக்கும்."

"அப்ப என்ன பண்றது?"

"வாசல்ல உக்காந்து ஏதாவது பாட்டுப் பாடுங்க. அவ ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த குருவிப் பாட்டு தெரியுமா? தப்புத்தப்பாப் பாடுங்க. அவளுக்குத் தப்பாப் பாடினாத் தாங்காது."

"எனக்குப் பாடவே வராதேம்மா."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

அவள் செல்பேசியை வைக்க மறந்துவிட்டாள். தரையில் உட்காரும் சத்தம், முழங்கால் மடக்கும்போது ஒரு முனகல். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினாள். தெய்வமே, என்ன குரல்! குருவி வரவேண்டிய இடத்தில் கொக்கு வந்தது. கூடு வரவேண்டிய இடத்தில் குளம் வந்தது. ராகம் எங்கேயோ போய்விட்டது. நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தடவை கொக்கு வந்தபோது தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஐயோ அத்தை, கொக்கு இல்ல! குருவி!"